நடுக்களத்தில் பந்து பிடித்தவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒக்லாந்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு மனிதரைப் பகல் முழுவதும் தனியே விடாமல் பார்த்துக்கொள்வது. யாழ்ப்பாணத்தில் நான் தாவரவியல் படிப்பித்தவள். அந்தச் சான்றிதழை இங்கே ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். லின்ஃபீல்டில் இருந்து இரண்டு பஸ் மாறி கிளென் ஈடனுக்குப் போகவேண்டும். ரயில் கடவையைத் தாண்டினால், மழையில் கறுத்துப்போன ஒரு மரப்பலகை வீடு.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. இந்த நாட்டுக்காரி, ஆஸ்பத்திரியில் தாதி. வேலைக்குப் போகும் உடுப்போடு நின்றார்.

"வயசானவர் எண்டு நினைச்சு வந்திருப்பீங்கள். அவருக்கு நாற்பத்தொண்டுதான்" என்றார்.

அவர்கள் இருவரும் என்னோடு கதைத்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்குள் அதெல்லாம் என் தமிழிலேயே தங்கிவிட்டது.

அந்த மனிதர் சமையலறை வாசலை அடைத்தபடி நின்றார். கறுப்பின அமெரிக்கர். ஆறடிக்கு மேல் உயரம். கை நீட்டினார். அந்தக் கையில் நேரான விரல் ஒன்றுமில்லை. சின்னவிரல் வெளிப்பக்கமாக மடிந்து, வேறு யாருடையதோ போலக் கிடந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, "எல்லாம் பந்து பிடிச்சது" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, நான் யார் என்று கேட்டார்.

அமெரிக்க ஃபுட்போல் என்பது நாங்கள் அறிந்த உதைபந்து அல்ல என்று எனக்கு அந்த வீட்டில்தான் தெரியவந்தது. தலையில் கவசம், தோளில் கவசம், கையில் முட்டை வடிவப் பந்து. அதில் அவர் வைட் ரிசீவர். களத்தின் ஓரமாக நின்று, ஆட்டம் தொடங்கியதும் ஓடி, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. அதைச் சம்பளத்துக்கு ஏழு வருடம் செய்திருக்கிறார்.

காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு மத்தியானம் நினைவிராது. ஆனால் ஏழு வருடத்து ஓட்டங்களும் மனதில் அப்படியே இருந்தன. ஒருநாள் நான் சமைக்க எடுத்த உறைந்த பட்டாணியை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

"இது நான். பத்து யார் தூரம் நேரா ஓடி, நடுவுக்கு வெட்டித் திரும்பவேணும். கண் பந்தில. அடிக்க வாறவனைப் பாக்கேலாது. பாத்தா பந்து போயிடும்."

"பாக்காட்டி?"

"பந்து கையில இருக்கும். மிச்சம் தெரியாது."

மிச்சத்தை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடிபட்டு விழுந்து எழும்பினால், ஓரத்தில் இருக்கும் மருத்துவர் விரலைக் காட்டி எத்தனை என்றும், இது எந்த நகரம் என்றும் கேட்பாராம். பக்கத்தில் நிற்கும் கூட்டாளி காதுக்குள் சொல்லிக் கொடுப்பானாம். விடை சரியென்றால் மூக்கில் ஒரு காரமருந்தைப் பிடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே அனுப்புவார்கள். "நாங்கள் எல்லாரும் அந்தச் சோதினையில பாஸ்" என்றார்.

மரம் அரியும் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். ஓட்டத்துக்காகக் கல்லூரி அவரை இலவசமாகப் படிப்பித்தது. தொழில்முறை அணிகள் ஆட்களைத் தெரிவு செய்யும் நாளில், பட்டியல் முடியும் நேரத்தில்தான் அவர் பெயரை வாசித்தார்கள். முதல் இரண்டு வருடம் ஆடக் கிடைக்காமல் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வருடம் முன்னுக்கு நின்றவனின் கால் முறிய, அந்த இடத்துக்கு இவர் வந்தார். "அவன் காலை நினைச்சு நான் சந்தோஷப்பட்டனான்" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. பிறகு மூன்று நல்ல வருடங்கள். பிறகு அவருடைய முழங்காலே போனது. இன்னொரு அணி, அதற்குப் பிறகு இன்னொன்று. ஒரு பயிற்சி முகாமில், காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆள் வந்து தோளைத் தொட்டு, "பெரியவர் கூப்பிடுறார், உன்ர ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா" என்றானாம். புத்தகத்தையும் கேட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். திரும்பி வரும்போது அவருடைய அலமாரியில் இருந்த பெயர் உரித்தெடுக்கப்பட்டிருந்தது. வயது முப்பது.

கடைசியாகக் கனடாவில் ஒரு பருவம். அங்கே முழங்காலை வெட்டித் தைத்த ஆஸ்பத்திரியில்தான், அங்கே தாதி வேலைக்கு வந்திருந்த மனைவியைக் கண்டார். அவரோடு இந்த நாட்டுக்கு வந்தார். ரக்பி ஊரில் அவரை ஒருவருக்கும் தெரியாது. தலையில் சட்டி கவிழ்த்து விளையாடுகிறவன் என்று கேலி செய்தார்கள். பலகை விற்கும் மரக்காலை ஒன்றில் வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து ஆர்வக்காரருக்குத் தன் ஆட்டத்தைப் பழக்கினார். பிறகு எந்த லொறிக்கு எந்த மரம் என்பது மறக்கத் தொடங்கியது. டொக்டர்கள் மனச்சோர்வு என்றார்கள். பிறகு வயதுக்கு முந்திய மறதி என்றார்கள். பழைய ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை என்று மனைவி சொன்னார்.

ஒரு நாள் நான் குளியலறையைக் கழுவிக்கொண்டிருக்க, பால் வாங்கவென்று மூலையில் இருந்த டெய்ரிக்கு, இங்கே சின்னக் கடையை அப்படித்தான் சொல்வார்கள், தனியே போய்விட்டார். இருநூறு அடி தூரம். நான் ஓடித் தேடி, ரயில் மேடையில் கண்டேன். மழைக்குள் வெறும் சட்டையோடு நின்றார்.

"எந்தப் பக்கம் ஓடவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல" என்றார்.

கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நல்ல நாட்களும் இருந்தன. பின்வளவில் ஒரு மண்டரின் ஆரஞ்சு மரம். நான் பழத்தை எறிய, அவர் பிடிப்பார். எனக்கு எறியத் தெரியாது, எங்கோ போகும். எங்கே போனாலும் அந்தக் கோணல் விரல்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வேலையில் ஒரு கொப்பி உண்டு. அன்றன்று நடந்ததை அதில் எழுதி வைக்கவேண்டும். மாலையில் மனைவி வாசிப்பார், மாதம் ஒருமுறை நிறுவனத்தில் இருந்து வந்து பார்ப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் மேசையில் இருந்தார். கழுத்தில் சவரநுரை ஒட்டியிருந்தது. துடைக்கலாம் என்று பின்னால் போய்த் தோளைத் தொட்டேன். கூப்பிட்டுவிட்டுத் தொட்டிருக்கவேண்டும். எழும்பித் திரும்பி, முன்னங்கையால் அடித்தார். நான் அலமாரியில் மோதி விழுந்தேன். மூச்சு வரவில்லை. மேலே பார்த்தபோது அவர் முகத்தில் அவர் இல்லை. யாரையோ இடித்துத் தள்ளி ஓடப்போகிறவரின் கண்கள். பிறகு மெல்ல மெல்ல வந்தார். முழந்தாளிட்டு என் கையைத் தொட்டார், தொடப் பயந்து எடுத்தார்.

"நான் என்ன செய்தனான்?"

"ஒண்டுமில்லை. விழுந்திட்டன்."

"பொய் சொல்லாதேங்கோ. எழுதாதேங்கோ. எழுதினா என்னைக் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பாங்கள்."

அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு அழுது நான் பார்த்ததில்லை.

நான் கொப்பியில் எழுதினேன்: சாப்பிட்டார், நடந்தார், நல்ல நாள். அவருக்காகத்தான் என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். அது பாதிதான். எழுதினால் அடுத்த கிழமையே பலமான ஓர் ஆணை அங்கே அனுப்புவார்கள், எனக்கு வேலை இராது. எங்கள் விசா முடிவாகாத காலம் அது. வீட்டில் என் கணவர், என் கையில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்து, "இதென்ன?" என்றார். பஸ் பிரேக் அடித்ததில் விழுந்தேன் என்றேன்.

"கவனமா ஏறி இறங்குமன்" என்றார். நம்பினார்.

ஐந்து கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது திங்கட்கிழமை நான் போனபோது வீடு வெறுமையாக இருந்தது. மனைவி மட்டும் சமையலறையில் இருந்தார். முகத்தின் ஒரு பக்கம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. கன்ன எலும்பு முறிவு. சனிக்கிழமை காலை, சட்டைக் கொலரைச் சரிசெய்யப் பின்னால் போயிருக்கிறார். அடிச்சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கதவுகளைப் பூட்டிவைக்கும் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

"உங்களோட இப்பிடி நடந்ததா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அந்த மூடிய கண்ணைப் பார்த்தபடி அது வரவில்லை.

"ஓம். ஒருக்கா."

"எப்ப?"

சொன்னேன். அவர் கொப்பியை எடுத்து அந்த நாளைத் தேடி வாசித்தார். திட்டவில்லை. கொப்பியை மூடி, "வீட்டுத் திறப்பை மேசையில வைச்சிட்டுப் போங்கோ" என்றார்.

வளையத்தில் இருந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். இரண்டு பஸ் வந்து போயின, ஏறவில்லை. அன்று மாலை கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம் நீர்" என்றார். நிறுவனத்துக்கு நானே போய்ச் சொன்னேன். எச்சரித்து, எப்சமில் ஒரு முதியவளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். இல்லத்துக்குப் போய் அவரைப் பார்க்க இரண்டு தரம் புறப்பட்டேன். இரண்டு தரமும் பாதி வழியில் திரும்பினேன்.

இரண்டு குளிர்காலம் கழித்து மனைவி தொலைபேசி எடுத்தார். நிமோனியா, முந்தைய நாள் முடிந்துவிட்டது என்றார். செத்தவீட்டுக்கு இருபது பேர்கூட வரவில்லை. அவரிடம் ஆட்டம் பழகிய நாலைந்து பேர் நனைந்த ஜக்கெட்டுகளோடு பின்வரிசையில் நின்றார்கள். தேநீர் நேரத்தில் மனைவி என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். கன்னத்தில் ஒரு சின்னப் பள்ளம் மிஞ்சியிருந்தது.

"உங்களை வேலைக்கு எடுக்க முந்தியே என்னை ரெண்டு தரம் அடிச்சவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொன்னா வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டினம் எண்டு பயம்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் கையில் ஆறிப்போயிருந்த கோப்பையை வாங்கி வைத்தேன்.

"கடைசியில என்னை அடையாளம் தெரியேல்ல. அடிச்சதும் தெரியாது. ஏன் வீட்டை கூட்டிக்கொண்டு போறேல்ல எண்டு யாரைக் கண்டாலும் கேட்பார்" என்றார்.

அவர் தலைக்குள் என்ன நடந்தது என்று அன்று ஒருவரும் பார்க்கவில்லை. பல வருடங்கள் கழித்து, அந்த ஆட்டக்காரர்களின் மூளையைப் பற்றிப் பத்திரிகைகளில் வரத் தொடங்கியது. அடிகள் சேர்ந்து சேர்ந்து செய்யும் வேலை அது என்று எழுதியிருந்தார்கள். கோபம், மறதி, எல்லாம் அவரைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. அவர் கெட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனாலும் அச்சில் வந்ததை மனைவி பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். பழைய தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். வேறு யாரோ ஒரு பெண் எடுத்து, அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டது, எங்கே என்று தெரியாது என்றாள்.