தனசேகரின் கோலுக்கு நான் பூசிய வார்னிஷ்

போன வாரம் குழாய்க்கு வாஷர் வாங்க வடக்குத்துப் பக்கம் போனேன். அங்கே செல்போன் கடைக்கு மாடியில் பூல் விளையாடும் இடம் ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்து, பந்து அடிக்கும் கோலின் மேல்பாதியை மடியில் கிடத்தி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட். ஸ்பிரிட்டும் மரத்தூளும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். வாஷர் எங்கே என்று மனைவி கேட்டதற்குக் கடை பூட்டியிருந்தது என்று சொன்னேன். பொய் சொல்வதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அந்த விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். துணி போர்த்திய மேசை, ஓரங்களில் ஆறு குழிகள். கோலால் வெள்ளைப் பந்தை இடித்து, அது போய் மற்றப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். இடது கையை மேசையில் ஊன்றி விரல்களை வளைத்தால், அந்த வளைவுக்குள் கோல் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எல்லாம் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. எனக்கு இது ஒருநாளும் வரவில்லை. வெள்ளைப் பந்தையே குழிக்குள் அனுப்புவதில் மட்டும் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் எனக்கு மரம் தெரியும். பல வருஷத்துக்கு முன்பு நான் சுரங்கத்தின் பேட்டர்ன் ஷாப்பில் இருந்தேன். இரும்பில் வார்க்க வேண்டிய சாமானை முதலில் அதே உருவில் மரத்தில் செய்து கொடுக்கிற இடம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து, பிளாக் பள்ளிக்கூடத்தில் படித்து, இருபத்து மூன்று வயதில் பெர்மனென்ட் ஆனவன். எனக்கு வந்ததெல்லாம் பஸ் வருவது மாதிரி அதுவாக வந்தது.

என் சிநேகிதன் தனசேகருக்கு அப்படி எதுவும் வரவில்லை. கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது. அவனுக்குக் கிடைத்தது கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியைச் சவளால் அள்ளித் திரும்பப் பெல்ட்டில் போட வேண்டும். பூல் மேசை இருந்த எங்கள் கிளப்பில் கான்ட்ராக்ட் ஆட்கள் உறுப்பினராக முடியாது. என் விருந்தாளி என்று நோட்டில் கையெழுத்துப் போட்டு அவனை அழைத்துப் போவேன். மேசையைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவான். அப்படியும் நகக்கண்ணில் கரி இருக்கும். இரண்டே வருஷத்தில் அந்த மேசையில் அவனை ஜெயிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு பெரியவர் தன் கோலை அவனுக்குக் கொடுத்திருந்தார். பழைய கோல். உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம், கை பட்டுப் பட்டு ஏறிய அழுக்கு. விரலில் கொஞ்சம் முகப்பவுடர் தடவிக்கொண்டு அதிலேயே ஆடுவான்.

அந்த வருஷம் கோடையில் ஒரு போட்டி வைத்தார்கள். விருந்தாளிகளும் ஆடலாம் என்றார்கள். ஜெயிக்கிறவரை விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எடுக்கப்போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. தனசேகர் அதை நம்பினான். அவனைவிட நான் அதிகமாக நம்பினேன்.

"கோலைக் குடு, ஒரே வாரத்துல புதுசாக்கித் தரேன்" என்றேன்.

"வாணாம்டா. எனக்கு இது பழகிப்போச்சு. அழுக்க மட்டும் தொடச்சிக் குடு, போதும்."

அழுக்கை மட்டும் துடைக்க பேட்டர்ன் ஷாப் ஆள் எதற்கு? ஸ்பிரிட்டில் துடைத்தேன். பள்ளங்களின் மேல் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியின் நுனியை வைத்ததும் ஆவி பட்டு மரம் உப்பிக்கொண்டு மேலே வந்தது. பிறகு முரட்டு உப்புத்தாள், நைஸ் உப்புத்தாள், கடைசியாகத் தோல் துண்டு வைத்துச் சூடு பறக்க ஒரு தேய்ப்பு. மரம் பட்டு மாதிரி ஆனது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். விளையாடத் தெரிந்தவனாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். எனக்குப் பளபளப்பு வேண்டியிருந்தது. நுனியிலிருந்து, கோலின் இரண்டு பாதியும் சேரும் பூட்டு வரைக்கும் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். ஷாப்பில் எல்லோரும் வாங்கிப் பார்த்து "யோவ், கல்யாணக் கட்டில் மாதிரி இருக்குய்யா" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று காலையில்தான் அதை அவன் கையில் கொடுத்தேன். அதுவரை வந்த ஆட்டங்களைச் சுவரில் மாட்டியிருந்த கிளப் கோலை வைத்தே ஜெயித்திருந்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"கண்ணாடி மாரி மின்னுதுடா" என்றான்.

அக்னி நட்சத்திர வெயில். கிளப் ஹாலில் ஐம்பது அறுபது பேர். மேசைக்குப் புதுத் துணி போட்டிருந்ததால் கறை படும் என்று பவுடருக்குச் செயலாளர் தடை போட்டிருந்தார். தனசேகர் குனிந்து முதல் அடி அடித்தபோது விரலுக்கும் கோலுக்கும் நடுவே 'க்ரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். மறுபடி க்ரீச். வேர்வை பட்ட வார்னிஷ் விரலைக் கவ்வியது. கோல் ஓடாமல் தத்தித் தத்திப் போனது. நடுவில் ஒரு தடவை அவன் என் பக்கம் பார்த்தான். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

ஐந்து ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு ஜெயித்திருந்தார்கள். ஐந்தாவதில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம், அதைப் போடுகிறவருக்கு ஆட்டம். என்னாலேயே போட முடிகிற பந்து. தனசேகர் அடித்தான், அது குழியின் உதட்டில் போய் நின்றுவிட்டது. எதிராளி மெல்லத் தட்டி உள்ளே தள்ளினார்.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தனசேகர் சொன்னான்: "கை வேர்த்துடுச்சுடா." பிறகு கோலை என்னிடம் நீட்டினான். "உங்கிட்டயே இருக்கட்டும். என் வூட்டுல வெக்க எடமில்ல."

வீட்டுக்கு வந்து கையை நனைத்துக்கொண்டு கோலை விரலுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று விட்டேன். அவன் ஷிப்ட் மாறிவிட்டது என்றான், கிளப்புக்கு வருவதை நிறுத்தினான். ஜெயித்தவருக்கு மறுவருஷம் வேலை வந்தது. கோட்டாவில் வந்ததா, வேறு வழியிலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயம்.

வாஷர் வாங்காமல் திரும்பியதற்கு மூன்றாம் நாள் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். தனசேகர் அங்கே ஒரு எடைமேடையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. நெல் லாரிகளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இடுப்பில் அகலமான பெல்ட். கரி அள்ளி அள்ளி முதுகில் டிஸ்க் விலகிவிட்டதாம். என்னைப் பார்த்ததும் சிரித்து, பக்கத்திலேயே இருந்த வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வார்னிஷ், மூன்று பூச்சு, நனைந்த கை, எல்லாம்.

"மொத அடியிலயே தெரியும்டா எனக்கு" என்றான்.

"அப்புறம் ஏன்டா அதுலயே ஆடுன? செவத்துல கிளப் கோலு நாலு இருந்துச்சே?"

"இருந்துச்சு. எடுக்கலாம்னுதான் திரும்புனேன். நீ முன்னாடி குந்திகினு வெரல காட்டிகினு இருந்த. அவ்ளோ பேருக்கு முன்னாடி நீ செஞ்சத ஓரங்கட்டிட்டு வேற ஒண்ண எப்பிடிடா எடுக்கிறது? நோட்டுல கையெழுத்துப் போட்டு உள்ள இட்டாந்தவன் நீ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

"இந்தக் கதையே எனக்கு இன்னிக்குத்தாங்க தெரியும்" என்றாள் என்னிடம். "அன்னிக்கு ரெண்டு பேருல ஒருத்தராவது வாயத் தொறந்திருக்கலாங்க."

"சும்மா இரும்மே" என்றான் தனசேகர். வெளியே லாரி ஹாரன் அடித்தது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து போனான். நான் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கிளப் ஹால் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். பேட்டர்ன் ஷாப்பில் ஆட்கள் குறைந்து குறைந்து ஒருநாள் பூட்டு தொங்கியது. தனசேகரின் ஊர் இருந்த இடத்தில் மண்ணை வெட்டிக்கொண்டே போய்விட்டார்கள். மேலே நின்று எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அதெல்லாம் போனது எனக்கு முன்பே தெரியும். புதிதாகப் போனது வேறொன்று. என்றாவது ஒருநாள் அவனிடம் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு இத்தனை வருஷம் என்னோடு கூடவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாகத் தூங்கக்கூட முடிந்தது. சொல்லியாகிவிட்டது. அவன் நம்பரை போனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கூப்பிட்டு என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.