பழுதில்லாத தோல்

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஆம்பூருக்கு அருகே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வந்தேன். ஒரு கோடைப் பிற்பகலில், தொலைதூர விண்மீன் திரள்களைப் பற்றி ஊர்மக்களுக்குத் தமிழிலேயே உரையாற்ற ஒப்புக்கொண்டிருந்தேன். "இதையெல்லாம் தமிழில் விளக்க இயலாது" என்று உடன் பணியாற்றியோர் நகைத்தனர். அன்று தவறினால் அம்முயற்சி அத்துடன் நின்றுவிடும்.

பொருள் எளிதன்று. வெப்பம் மிகுந்த இளம் விண்மீன்கள் உமிழும் புறஊதாக் கதிர்கள், அணுவிலிருந்து எதிர்மின்னியை, அதாவது எலக்ட்ரானைப், பிரிக்கும் ஆற்றல் படைத்தவை. திரளில் நிறைந்துள்ள நீரகவளி, அதாவது ஹைட்ரஜன், அவற்றை விழுங்கிவிடும். பின் எவ்வாறு சில கதிர்கள் வெளியேறும்? பெருவிண்மீன்கள் வெடித்து மடியும்போது அவ்வளியில் திறப்புகள் உண்டாகி வழிவிடக்கூடும் என்று அறிஞர் கருதினர்.

இதைக் கண்ணால் காட்ட, மரப்பெட்டிக்குள் மின்விளக்கை வைத்து, மேல்நோக்கிய பெட்டியின் வாயைக் கறுப்புத் தோலால் மூட எண்ணினேன். பக்கத்து வீட்டு நண்பர் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிடுவார். அப்படி ஒதுக்கிய தோல் ஒன்றைக் கேட்டிருந்தேன்; அதன் ஓட்டைகள் வழியே ஒளி கூரையில் விழ வேண்டும். உரை தொடங்கும் வேளையில் அவரே கொண்டுவந்து இழுத்துக் கட்டினார்.

சன்னல்களை மூடச்செய்து விளக்கை ஏற்றினேன். கூரையில் ஒரு பொட்டு ஒளியும் இல்லை.

"இன்னா சார், கரண்ட் போய்ட்டுதா?" என்றது பின்வரிசைக் குரல். அரங்கம் சிரித்தது. யாரோ ஒரு சன்னலைத் திறந்தார்.

நண்பரிடம் குனிந்து, ஓட்டை எங்கே என்று கேட்டேன்.

"ஓட்டையா? இத்தினி பேர் பாக்குற எடத்துக்கு ரிஜெக்ட் தோலு குடுப்பனா? தேடி எடுத்தாந்தேன் வாத்தியாரே. ஒரு முள்ளுக் கீறல் காட்டுங்க பாக்கலாம்!"

அந்தப் பெருமிதத்தின் முன் எனக்குச் சினம் எழவில்லை. உரை பாழாயிற்று என்றே எண்ணினேன். ஓட்டையின் வழியே ஒளி வெளிவருவதைத்தான் காட்ட வேண்டும் என்று மெல்லச் சொன்னேன்.

அவர் மேசைமேல் கிடந்த என் கவராயத்தை எடுத்தார். தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். கவராயத்தின் கூர்முனை தோலுக்கு மேலேயே நின்றது.

"வேண்டாம், விடுங்கள்" என்றேன்.

"சும்மா இருங்க. தோஸ்த்துக்கு இது கூட செய்யலன்னா எப்டி? கைதான் வர மாட்டேங்குது."

கண்களை மூடிக்கொண்டு குத்தினார். பிறகு இன்னொன்று, மற்றொன்று. சன்னலை மீண்டும் மூடியதும் கூரையெங்கும் ஒளிப்பொட்டுகள் மலர்ந்தன. பிள்ளைகள் கூவினர். "அட, வந்துட்டுது!" என்றது அதே பின்வரிசைக் குரல். அதன்பின் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர்களைச் சென்றடைந்தது.

நண்பர் மட்டும் கூரையைப் பார்க்காமல் தோலையே பார்த்தபடி, "போதுமா, இன்னும் ரெண்டு போடவா?" என்றார்.

இன்றும் அக்கதிர்களைப் பற்றி எங்கே படித்தாலும், வெடிக்கும் விண்மீன்களுக்கு முன்னதாக, ஓட்டையைக் கண்டாலே ஒதுக்கிப் பழகிய இரு கண்கள் எனக்காக ஒரு கணம் மூடிக்கொண்டதே என் நினைவில் எழுகிறது.