துருத்திக்குப் போட்ட கன்றுத்தோல்

சண்டைக் காலத்தில் தோலெல்லாம் பட்டாளத்துப் பூட்சுக்குப் போய்விட்டதாம். தேவாரம் சந்தையில் ஒரு சாண் தோல் கிடைக்கவில்லை. எங்கள் அய்யாவின் கொல்லப்பட்டறையில் துருத்தி கிழிந்து கிடந்தது. இழுத்தால் காற்று உலைக்குப் போகாமல் பக்கவாட்டில் பீறிடும். உழவு நேரம் வேறு. கலப்பைக் கொழு காய்ச்சி அடிக்க வந்தவர்கள் வாசலிலேயே குந்தியிருந்தார்கள்.

அப்போது எங்கள் பசுவின் கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலுக்குள் வைக்கோல் திணித்துத் தைத்து வைத்திருந்தோம். கறக்கிறபோது பக்கத்தில் நிறுத்தினால் பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். ஆத்தாளுக்குப் பால் வற்றிப்போய், என் கைக்குழந்தைத் தம்பிக்கு அந்தப் பால்தான் உயிர்.

அய்யா வைக்கோலை உதறிவிட்டுத் தோலை அறுத்தார்.

"இனி எதக் காட்டிக் கறக்குறது? உங்க மீசையவா?" என்றாள் ஆத்தா.

"புல்லக் காட்டு. மாட்டுக்கு என்ன தெரியும்?"

விளக்கெண்ணெய் தடவி, மயிர் வெளியே தெரியும்படி ஆணி அடித்தார். கன்றின் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டி துருத்தியின் மேல் வந்து உட்கார்ந்தது. துருத்திச் சங்கிலியை இழுப்பது என் வேலை. இழுக்க இழுக்கச் சுட்டி ஏறி இறங்கியது, தூங்குகிற கன்றின் வயிறு மாதிரி.

அன்று சாயங்காலம் பசு ஒரு சொட்டு விடவில்லை. தம்பி தொண்டை கட்டும்வரை அழுதான். மறுநாள் காலையிலும் அதே கதை. நான் சங்கிலியை இழுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பசு கத்தியது. நிறுத்தினேன், அதுவும் நிறுத்தியது. திரும்ப இழுத்தேன், திரும்பக் கத்தியது.

"அய்யா, மாடு துருத்தியக் கூப்பிடுதுய்யா."

"கூப்பிடட்டும். நீ இழு மவளே, இரும்பு ஆறுது."

கயிறு அறுந்த சத்தம் கேட்டது. பசு பட்டறைக்குள் வந்துவிட்டது. தீப்பொறி மேலே தெறித்தும் அது ஒதுங்கவில்லை. சுட்டியை நக்கியது. மடியிலிருந்து பால் தானாகச் சாம்பலில் சொட்டியது. குந்தியிருந்தவர்கள் எழுந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். ஆத்தா செம்போடு ஓடிவந்து உலைப்பக்கம் உட்கார்ந்தாள்.

"நிப்பாட்டாதடி, இழு" என்றாள் மெதுவாக.

அதற்கப்புறம் கறவை பட்டறையில்தான். நெருப்பில்லாத நாளிலும் நான் சங்கிலி இழுக்கணும். தம்பி தேறிவிட்டான்.

சாரல் காற்று அடித்த ஒரு மத்தியானம் தம்பி பசியில் அழுதான். சங்கிலியை எட்டிப் பிடிக்கப் பட்டறைக்குப் போனேன். பசு எனக்கு முன்னாலேயே அங்கன நின்றது. சங்கிலி அசையாமல் தொங்க, சுட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றாக இருக்கும். நான் யாரையும் கூப்பிடவில்லை. செம்பை எடுத்து மடிக்குக் கீழே பிடித்தேன்.