நிரந்தரத்துக்கு நேரே ஒரு டிக்

சிகரெட் கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர யாராவது படங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் படத்தின் மேல் இல்லை. படம் காட்டி முடித்த பிறகு அவர்கள் செய்கிற வேலையின் மேல்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து நானும் அண்ணனும் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். அண்ணன் பதினொன்றாவது. அப்பாவுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆகிவிடும் என்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மரியாதை. பெண் கேட்டு வருகிறவன் கறுப்பா சிவப்பா என்று யாரும் கேட்கமாட்டார்கள், பர்மனென்டா காண்ட்ராக்டா என்றுதான் கேட்பார்கள். அம்மா கோவிலில் விளக்குப் போட்டதும் அதற்காகத்தான்.

ஒருநாள் மத்தியானம் சுகாதாரப் பேச்சாளர் ஒருவர் வந்தார். எங்களை மரத்தடியில் உட்காரவைத்து, கருகிப்போன நுரையீரல் படத்தைப் பிடித்துக் காட்டினார். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அண்ணன், பர்மனென்ட்காரர்களின் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற ஒரு பையனோடு ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்ததைப் பார்த்திருந்தேன். பழக்கமே இல்லை அவனுக்கு. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினான். நானும் சொல்லவில்லை.

பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். புகைபிடிக்கும் மாணவரின் பெயர், வகுப்பு எழுத வேண்டும். கீழே 'பழக்கம்' என்று போட்டு இரண்டு கட்டங்கள்: தற்காலிகம், நிரந்தரம். எழுதுகிறவர் பெயர் வேண்டாம், எல்லாம் ரகசியம், அந்த மாணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி மீட்டுவிடுவோம் என்றார் பேச்சாளர். மீட்டுவிடுவோம் என்று சொன்னதை நான் நம்பித் தொலைத்தேன்.

அண்ணன் பெயரை அழகாக எழுதினேன். கட்டத்துக்கு வந்ததும்தான் தடுமாற்றம். தற்காலிகம் என்றால் காண்ட்ராக்ட். என் அண்ணனைப் போய் நானே காண்ட்ராக்ட் என்று எழுதுவதா? விளக்குப் போடுகிற வீட்டில் அபசகுனம் இல்லையா? நிரந்தரத்துக்கு நேரே பெரிதாக ஒரு டிக் அடித்தேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதினான்கு வயதுக் கழுதைக்கு அவ்வளவுதான் புத்தி. தாளைப் படித்த பெரியவர்களுக்கு என்ன கேடு?

தாள்களை வாங்கி அடுக்கிய வாத்தியார் வேலை முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் ஒன்றைப் பற்றவைத்தார். அதை எழுத எங்களுக்குக் கட்டம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் தலைமையாசிரியர் அப்பாவை வரச்சொன்னார். அப்பா ஷிப்ட் முடிந்து கரி படிந்த சட்டையோடு நேரே போனார். உள்ளே நடந்ததை அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொல்லித்தான் நான் கேட்டேன். உட்காரவைத்துப் பேசுவோம் என்ற பேச்சாளரைக் காணோம். அப்பாவையும் அண்ணனையும் நிற்கவைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் தாளை மேஜையில் போட்டு, நிரந்தரமாகப் புகைக்கிறவன் மற்ற பிள்ளைகளையும் கெடுத்துவிடுவான், டி.சி.யை வாங்கிக்கொண்டு போங்கள் என்றாராம். குவார்ட்டர்ஸ் பையனைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பா காலில் விழாத குறை. வேண்டாதவர்கள் யாரோ எழுதியிருக்கிறார்கள், யாரென்று விசாரியுங்கள் என்று மன்றாடியிருக்கிறார். தலைமையாசிரியரும் சரி, கையெழுத்தை வைத்து எழுதினவரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டே கேட்டுவிடலாம் என்றாராம். அப்போதுதான் அண்ணன் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தானாம்.

"யாரும் எழுதலப்பா. நான்தான் எழுதிக் குடுத்தேன். வுட்டுடலாம்னுதான் எழுதினேன்" என்றானாம்.

சரி, விட்டுவிட வேண்டும் என்று ஒரு பையன் தானே எழுதிக் கொடுத்ததாகவே இருக்கட்டும். அவன் தோளில் கைபோட்டு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல அந்த அறையில் ஒரு மனுஷர் இல்லையா? அவனே ஒத்துக்கொண்டான் என்று எழுதி, அன்றைக்கே டி.சி.யைக் கிழித்துக் கொடுத்தார்கள். புகையை ஒழித்தாயிற்று.

அப்பா வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றினார். "இன்னாத்துக்குடா நீயே எழுதிக் குடுத்த? நான் ஒருத்தன் காண்ட்ராக்ட்லயே செத்துக்கினு இருக்கறது பத்தாதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

நடு வருஷத்தில் வேறு எந்தப் பள்ளியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பண்ருட்டியில் பலாப்பழ மண்டிக்குச் சுமை தூக்கப் போனான். இருமாமல் புகைக்க அவன் கற்றுக்கொண்டது அங்கேதான். முதலில் பீடி, பிறகு கையில் கிடைத்ததெல்லாம். இன்று அவன் இருமுவது நாலு வீடு தள்ளிக் கேட்கிறது. அந்தப் பள்ளியில் வருஷா வருஷம் உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தச் சாயங்காலம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் தாளால்தான் இவ்வளவும் என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அவனே எழுதினான் என்று அப்பா சொன்னதும் அப்பாடா என்று உயிர் வந்தது. அவனும் ஒரு தாள் எழுதியிருக்கிறான், அவன் தாளால் அவன் மாட்டிக்கொண்டான், என்னுடையது எங்கோ அடியில் கிடக்கிறது என்று நினைத்தேன். அவன் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, உனக்கு அறிவே இல்லையா அண்ணா என்று திட்டவும் செய்தேன்.

"இல்ல பாப்பா" என்று மட்டும் சொன்னான்.

அந்தத் தாளை எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும்தான் கொடுத்தார்கள். பதினொன்றாவதுக்குக் கொடுக்கவே இல்லை.