நீலத்தில் பதிந்த கை

எது முதலில் நடந்தது என்பதில் எனக்கே இப்போது குழப்பம் உண்டு. நடந்தது என்பதில் இல்லை. அந்தப் படம் இதோ, எதிர்ச் சுவரில்தான் இருக்கிறது.

என் கணவர் வன்னியராஜ் கடல் வரைபவர். அலை, படகு எதுவும் இருக்காது. நீலமும் சாம்பலும் கலங்கிய ஒரு மூட்டம், அவ்வளவுதான். தூரிகை தொடமாட்டார், உள்ளங்கையால் வண்ணத்தைத் தேய்ப்பார். வண்ணார்பேட்டையில், எங்கள் வீட்டுப் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு. இந்த பஸ் இரைச்சலுக்கு நடுவே கடலை எப்படிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது தெரியும்.

ஒரு நாள் படத்தின் ஓரத்தில் ஒரு கைத்தடம் கண்டேன். சின்னக் கை. மோதிர விரல் பாதிதான் பதிந்திருந்தது.

"இது யாரு கை?"

"என் கைதான். இங்கன வேற யாரு வருவா?"

"உங்க கை சொளவு மாதிரி அகலமால்லா இருக்கு."

"ஏட்டி, போயி சோலியப் பாரு."

பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் பாதி விரல்காரி இருந்தாள்.

அன்றிலிருந்து கூடத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்திருந்தேன். அறைக்கு வேறு வாசல் கிடையாது. யாரும் வரவில்லை. ஆனால் உள்ளே அவர் குரல் கேட்கும்... "பைய... பைய..." மெல்ல, மெல்ல என்று கொஞ்சும், என்னிடம் பேசாத குரல்.

ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரம். உள்ளே தேய்க்கும் சத்தம். சரக்... சரக்...

கதவைத் தள்ளினேன்.

அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் மடியில். வண்ணம் காய்ந்த கைகள்.

சத்தம் நிற்கவில்லை.

ஈர நீலத்தில் ஒரு தடம்... மெல்ல நகர்ந்தது.

பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. "ஏட்டி, இது என் வீடு!" மோதிரம் போட்ட என் கையை அதன் மேல் அழுத்தினேன்.

ஜில்லென்று இருந்தது.

சத்தம் நின்றது.

காலையில் பார்த்தேன். என் கைதான். உள்ளங்கைச் சூட்டுத் தழும்புகூடப் பதிந்திருந்தது.

மோதிர விரல்... பாதி.

அவர் அக்கா சுடலைவடிவு மதினியிடம் படத்தைக் காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டான். கல்யாணத்துக்கு முந்தி, உவரிக் கடக்கரைக்கு போர்டு எழுதப் போன எடத்துல ஞானசௌந்தரின்னு ஒருத்தி. வள்ளத்துக் கயிறு இழுத்து அவளுக்கு மோதிர விரலு பாதி போயிட்டு. பொறவு கடலே அவள இழுத்துட்டு. பொணமா ஒதுங்குனப்போ அந்த விரல வச்சுத்தான் அடையாளம் சொன்னாவ."

அவர் இப்போது உவரியில் இருக்கிறார். வரைவதில்லை. மதினி இந்த வீட்டுக்கு வருவதில்லை. நான் இங்கேயேதான் இருக்கிறேன். மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

விரலில் நிற்பதில்லை.