பாதாம் பொட்டலம் சொன்ன சாட்சி

முன்னறையில் மேசைமேல் ஏதோ தொப்பென்று விழுந்தது. கூடவே கணவரின் சிரிப்பு; பயந்தால் மட்டும் வரும் அந்த நீளச் சிரிப்பு. சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்த முத்திரையம்மாவுக்கு யார் வந்திருப்பதென்று புரிந்துவிட்டது. சம்பந்தி!

கடை கடையாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது இருபத்தாறு வருடமாக அவள் வேலை. பெயரும் அப்படி ஒட்டியதுதான். சோதனை எடைக்கல்லை வெறுங்கையால் தொடமாட்டாள், துணியால்தான் எடுப்பாள். "கை வியர்வைகூட எடையில பொய் சொல்லும்" என்பாள். போன மாதம் எடையளவு அலுவலகத்துக்குத் தலைவியானதும் முதலில் சோதித்தது தன் கற்களைத்தான். நீதியுள்ள அரசனால் நாடு நிற்கும், லஞ்சம் வாங்குபவனால் அது கவிழும் என்ற வேதாகம வார்த்தை அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எப்போதும் இருக்கும்.

"வாங்க சம்பந்தி."

"உங்க மகள் வீட்டுப் பாதாம், ரெண்டு கிலோ. உங்க பொண்ணே கைப்பட நிறுத்துக் கட்டினது," என்றார் மளிகைக்கடைக்காரரான சம்பந்தி. "நாளைக்கு எங்க தெருவுல சோதனையாமே? என் கடை மட்டும் உங்க கண்ணுல படாமப் போகணும்." குரல் தாழ்ந்தது. "உங்க பொண்ணு என் வீட்ல ராணி மாதிரி இருக்கா. அப்படியே இருக்கட்டுமே."

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! தாய் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. ஒரே மகள். கல்யாணமாகி எட்டே மாதம்.

"வாங்கி வச்சிடேன்மா, பருப்புதானே," என்று முணுமுணுத்தார் கணவர்.

"பருப்புதாங்க. ஆனா நல்லாத் தெரியிற கண்ணையும் மறைச்சிடும்."

திருப்பிக் கொடுக்கப் பொட்டலத்தைத் தூக்கினாள். கை சட்டென்று நின்றது. மேலே மகளின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அம்மாவுக்கு. 2 கிலோ. சரிபார்க்கவும்."

நாளைய சோதனைக்காக வீட்டில் வைத்திருந்த தராசைக் கொண்டுவந்தாள். துணியில் பிடித்து வைத்த இரண்டு கிலோ கற்கள் ஒரு தட்டில், பொட்டலம் மறுதட்டில். பாதாம் ஜம்மென்று மேலே போய் உட்கார்ந்துகொண்டது! பொட்டலத்தோடு நூறு கிராம் கல்லைச் சேர்த்த பிறகுதான் முள் நேரானது.

"அடிப்பாவி மருமகளே!" சம்பந்தி துள்ளி எழுந்தார். "வீட்டுக்குன்னா உள்ளே இருக்கிற நல்ல தராசுலதானே நிறுக்கணும்! வேணும்னே கடைத் தராசுல..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ ரெண்டு தராசு இருக்கு?"

முதலில் வெடித்தது கணவரின் சிரிப்பு, இந்தத் தடவை நிஜச் சிரிப்பு. பிறகு சம்பந்தியின் தொந்தியும் குலுங்கியது.

"இங்க ஒரு முத்திரையம்மா போதாதுன்னு என் வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பிட்டீங்களே!"

முத்திரையம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவளை என்ன பண்ணப் போறீங்க?"

சம்பந்தி தலையைச் சொறிந்தார். "கல்லாவுல உட்கார வைக்கப் போறேன். இந்தத் தைரியம் என் பையனுக்குக் கிடையாதும்மா."

முத்திரையம்மாவின் கண் நிறைந்துவிட்டது. துணி கையிலேயே இருந்ததால் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு என் உதவியாளர் வருவார். நீங்க யாருன்னு அவருக்குத் தெரியாது. அபராதம் உண்டு."

"சம்பந்திக்குச் சலுகையே இல்லையா?"

"உண்டே. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவேன்."

அவர் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிரித்தபடியே படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, முத்திரையம்மா கதவைச் சாத்தினாள்.