நந்தகோபால் மாஸ்டர் தப்பாக வாசித்த வருஷம்

தொண்ணூறுகளில் கோவில்பட்டிக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பிள்ளை என்று ஒன்று இருந்தால் அது கீபோர்டு படித்தாக வேண்டும். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனவர்கள் ஊர் திரும்பும்போது ஆளுக்கொரு கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வாங்கியாயிற்று, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? அதற்குத்தான் நந்தகோபால் மாஸ்டர் இருந்தார். சாயங்காலமானால் டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கட்டைவிரல் ஒன்றாம் நம்பர், சுண்டுவிரல் ஐந்தாம் நம்பர் என்று ஆரம்பிப்பார். "ஏலே, கையைத் தட்டையா வைக்காத. எலுமிச்சம்பழத்தைப் பிடிச்ச மாதிரி வையி" என்று எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாரோ, அவருக்கே கணக்குத் தெரியாது.

அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. சோறு தண்ணி இல்லாத ஏக்கம் அல்ல. பியானோ ஏக்கம்!

பசுவந்தனையில் ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. ஆறாம் வகுப்பில் தாய்மாமன் அவரைப் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அந்த ஹாஸ்டலின் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு பியானோ கிடந்தது. வீட்டை நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்த பயலை வார்டன் அம்மா பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்தார். பத்தாவது முடிக்கும் வருஷம் ஒரு மெட்டு சொல்லிக்கொடுத்தார். இடது கை ஒரே சீராக நடந்துகொண்டே இருக்கும். வலது கை கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்துகொள்ளும். அதற்கு என்ன பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை, மடப்பயலுக்கு. பள்ளிக்கூடம் முடிந்தது, ஊருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு பியானோவைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கீபோர்டில் அதை வாசித்துப் பார்த்தார். வரவில்லை. அவரிடம் இருந்த கீபோர்டில் மெதுவாகத் தொட்டாலும் அதே சத்தம், ஓங்கிக் குத்தினாலும் அதே சத்தம். பியானோ அப்படியா? விரல் எவ்வளவு பாரத்தை இறக்குகிறதோ அவ்வளவு பேசும். அந்த மெட்டு முழுக்க முழுக்க விரல் பாரத்தில் இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பார். மனைவி செண்பகவல்லி சிரிப்பாள். "நான் ஒரு மாசம் அம்மா வீட்டுக்குப் போனாக்கூட இப்படி ஏங்க மாட்டீங்க" என்பாள். இல்லை என்று அவரும் மறுத்ததில்லை.

இப்படியிருக்கும்போது தொண்ணூற்றேழில் ஊருக்கே ஒரு பியானோ வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி சௌந்தரபாண்டியன். கொடைக்கானலில் யாரோ பங்களாவைக் காலி செய்கிறார்கள், தேக்கு நாற்காலி மலிவாகக் கிடைக்கும் என்று போனவர், நாற்காலியோடு பியானோவையும் வாங்கித் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லாரியிலேயே ஏற்றி வந்துவிட்டார். எதிர்வீட்டுப் பிள்ளை கீபோர்டு வாசித்தால் தன் மகள் பொன்மணி அதைவிடப் பெரிசாக ஒன்று வாசிக்க வேண்டாமா? தொழிற்சாலை ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து முக்கி முனகி அதை முன்ஹாலில் வைத்தார்கள். அதன் தலையில் டெலிபோன் ஏறியது. பிளாஸ்டிக் பூச்சாடி ஏறியது. திருச்செந்தூர் முருகன் படமும் ஏறியது.

சொல்லிக்கொடுக்க வரச்சொல்லி நந்தகோபாலுக்கு ஆள் வந்தபோது அவருக்குக் கைகால் ஓடவில்லை. முதல் நாள், "சும்மா தொட்டுப் பாக்குதேன்" என்று உட்கார்ந்து இரண்டு வரிதான் வாசித்திருப்பார். ஊஞ்சலிலிருந்து சௌந்தரபாண்டியன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாத்தியாரே, உமக்கு வாசிக்கத் தெரியும்னு தெரிஞ்சுதான வரச் சொன்னது? படிக்க வேண்டியது பிள்ளை. நீரே வாசிச்சுக்கிட்டிருந்தா அவ எப்ப வாசிக்க? பாட நேரத்துல அவ கைதான் கட்டையில இருக்கணும்."

நியாயமான வியாபாரிப் பேச்சு, என்னத்தைச் சொல்ல? அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பாடம் நடக்கும்போது திரைச்சீலையைத் தாண்டி யாரும் ஹாலுக்கு வரக்கூடாது, பிள்ளைக்குக் கவனம் சிதறும். ஆனால் காது மட்டும் திரைக்கு இந்தப் பக்கமே இருக்கும். சத்தம் நாராசமாக வந்தால் பிள்ளை வாசிக்கிறது என்று அர்த்தம். கேட்க நன்றாக இருந்தால் வாத்தியார் நேரத்தைத் தின்கிறார் என்று அர்த்தம். முதலாளி வீட்டில் இருந்தால் உடனே உள்ளேயிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வரும். பியானோவுக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பொன்மணி அதைப் போட்டு மொத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நந்தகோபால். பசித்தவனை விருந்துக்குக் கூப்பிட்டுப் பரிமாற மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்?

பொன்மணிக்குப் பன்னிரண்டு வயது. கெட்டிக்காரி, ஆனால் இசைக்கு அவளும் வேண்டாம், அவளுக்கு இசையும் வேண்டாம். அவளுக்கு ஹாக்கிதான் உயிர். ஹாக்கிக்குப் பேர்போன அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டையைக் கண்டால் கால் நிற்குமா? கிரவுண்டில் விளையாட்டு நடக்கும் அதே ஐந்து மணிக்குத்தான் இவள் பியானோ வகுப்பில் மாட்டிக்கொண்டாள். ஒரு நாள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"மாஸ்டர், ஒங்களுக்கு இது மேல ஆசை. எனக்குக் கிரவுண்டு மேல ஆசை. நான் பக்கத்துக் கதவு வழியாப் போறேன். நீங்க வாசிங்க."

"அறிவிருக்கா ஒனக்கு? அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாவ."

"அப்பா தொழிற்சாலையில இருப்பாவ. அம்மா அடுப்படியில இருப்பாவ. சத்தம் வந்தாப் போதும் மாஸ்டர்." கதவுவரை போனவள் திரும்பி நின்று சொன்னாள்: "நல்லா வாசிச்சுராதீங்க, மாட்டிக்கிடுவோம். என்னைய மாதிரி வாசிங்க."

நேர்மையான மனுஷன் என்றால் அப்போதே எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நந்தகோபால் நேர்மையான மனுஷன்தான். ஆனாலும் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தப்பாக வாசிப்பது லேசு என்று நினைக்காதீர்கள். பழகிய கைக்கு அது பெரும் பாடு. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்! பிள்ளைகள் எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். நாலாவது விரல் சொன்ன பேச்சு கேட்காது. இடது கை எப்போதும் பிந்தி வரும். நடுவில் தப்பினால் நடுவிலிருந்து தொடங்காது பிள்ளை; மறுபடி முதலிலிருந்தே தொடங்கும். அத்தனையையும் அவர் கூலிக்கு மாரடிப்பது மாதிரி செய்தார். கொஞ்சம் நன்றாக வந்துவிட்டால் பதறிப்போய் வேண்டுமென்றே ஒரு கட்டையைத் தப்பி அமுக்குவார். பொன்மணி ஆறு மணிக்குப் புழுதியோடு ஓடிவந்து வெளிக்குழாயில் காலைக் கழுவிவிட்டு ஸ்டூலில் உட்காருவாள். அவள் அம்மா முத்துமாரியம்மாள் காபியோடு திரையை விலக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

ஆனால் பாருங்கள், பிள்ளை என்றால் முன்னேற வேண்டுமல்லவா? அதில்தான் நந்தகோபால் தன் ஆசையை ஒளித்துவைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக 'பொன்மணி'யைத் தேற்றிக்கொண்டே போனால், ஒருநாள் அவள் அந்த மெட்டை வாசிக்கிற அளவுக்கு வந்துவிட மாட்டாளா? அன்றைக்கு யாரும் கனைக்க மாட்டார்கள். தீபாவளிக்கு இரண்டு கையும் சேர்ந்தது. பொங்கலுக்குத் தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது. என்றாவது சௌந்தரபாண்டியன் சீக்கிரம் வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் மாஸ்டர் வாசிப்பை மாற்றிக்கொள்வார். ஏறின படியிலிருந்து இரண்டு படி இறங்கிவிடுவார். "இன்னைக்கு ரெண்டு இடத்துல சறுக்கிட்டாளே வாத்தியாரே?" என்பார் முதலாளி. "சரியாப் போயிரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

பங்குனியில் துணிந்து அந்த மெட்டின் இடது கையை மட்டும் எடுத்தார். கேட்டால் விரல் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாம். இடது கை நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. வலது கை மடியில் கிடந்து துடித்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து செண்பகவல்லியிடம், "சித்திரை பிறக்கட்டும், வலது கையையும் சேர்த்துருவேன்" என்றார். பேச்சில் சின்னப் பையன் மாதிரி ஒரு சந்தோஷம் இருந்தது. அவளுக்கே பாவமாகப் போயிற்று.

சித்திரை பிறந்தது, கூடவே பி.டி. வாத்தியார் வேல்சாமியும் வந்தார். முதலாளி வீட்டுக்கே நேரில் வந்தார். "அண்ணாச்சி, ஒங்க மகளை விளையாட்டு ஹாஸ்டலுக்கு எடுத்திருக்காங்க. ஒரு வருஷமா ஒரு நாள் தவறாம சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்த பிள்ளைல்லா? சும்மாவா கிடைக்கும்?" என்றார். மனுஷன் நல்லது சொல்லத்தான் வந்தார். சௌந்தரபாண்டியன் சாயங்காலம் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

நந்தகோபாலைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதலாளி பியானோவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாளா வாசிச்சது யாரு வே?"

"நான்தான் அண்ணாச்சி."

திட்டு விழும், பொய்க்காரன் என்பார், வெளியே போ என்பார் என்று தலையைக் குனிந்து நின்றார் மாஸ்டர். முதலாளிக்கோ வேறு ஒன்று உறைத்தது.

"அந்தத் தப்பெல்லாம் நீரு விட்ட தப்பா?" என்றார். "வருஷம் பூரா கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு பாட்டைக் கடைசிவரைக்கும் தப்பில்லாம வாசிக்கத் தெரியாத ஆளையா வே எம்பிள்ளைக்கு வாத்தியாரா வச்சேன்?"

"இல்லை அண்ணாச்சி, அது வேணும்னே செஞ்சது... ஒரு நிமிஷம் ஒக்கார விட்டீங்கன்னா..."

சௌந்தரபாண்டியன் பியானோ மூடியை இறக்கிச் சாத்தினார். "போதும் வே. கேட்ட வரைக்கும் போதும்."

பொய் சொன்னான் என்று பெயர் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயர்! அது பஜார்வரைக்கும் போயிற்று. இரண்டு வீடுகளில் பாடம் நின்றது. அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்த வலது கைதான் அவரைத் தூங்கவிடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் விரல் அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் செண்பகவல்லியே ஒருநாள் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"போய் நேரா கேளுங்க. ஒரே ஒரு தடவை வாசிச்சுட்டுப் போயிருதேன்னு கேளுங்க. முடியாதுன்னா சொல்லட்டும், தலையவா வாங்கிரப் போறாவ?"

போனார். அதே ஐந்து மணி. வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு உள்ளே பார்த்தார். முன்ஹாலில் டெலிபோன் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. முருகன் படம் சுவரில் ஆணியில் தொங்கியது. பியானோ இல்லை.

முத்துமாரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இத்தனை நாளில் காபி டம்ளரை நீட்டும்போது பேசியதைத் தவிர அந்தம்மா அவரிடம் அதிகம் பேசியதே இல்லை.

"நேத்து மதுரைக்கு ஏத்தி அனுப்பியாச்சு மாஸ்டர். ஏதோ ஓட்டல்காரருக்காம். பொன்மணி ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து அவ அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே ஆகல."

"சரிம்மா" என்றார் நந்தகோபால். திரும்பப் போனவரை அந்தம்மா நிறுத்தினார்.

"அவிய சொன்னதை மனசுல வச்சுக்கிடாதீங்க. நீங்க வாசிக்கத் தெரியாதவரு இல்லைன்னு எனக்குத் தெரியும். அவ வாசிக்கலைங்கிறதும் முதல் வாரமே தெரியும். எம்பிள்ளை தட்டுற தட்டு எனக்குத் தெரியாதா?"

படியில் இறக்கிய காலை நந்தகோபால் மறுபடி மேலே வைத்தார்.

"புள்ளை விளையாடட்டும்னுதான் முதல்ல பேசாம இருந்தேன். பிறவு எனக்காவே இருந்தேன். அஞ்சு மணியானா அடுப்பை அமத்திட்டுத் திரைக்குப் பின்னால வந்து ஒக்காந்துக்கிடுவேன். நல்லா வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு வேணும்னே கெடுத்துப்போடுவீங்க. எனக்கு ஆத்திரமா வரும். இந்த மனுஷன் என்னைக்குத்தான் கெடுக்காம ஒன்னு வாசிப்பாருன்னு தினமும் காத்துக்கிட்டே கிடந்தேன் மாஸ்டர்." பிறகு, "கடைசியா ஒன்னு வாசிச்சீங்களே, நடந்து போற மாதிரி. அதுக்கு மேல என்ன வரும்?" என்று கேட்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார் மாஸ்டர். வாயால் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு கையும் சேர்ந்து சொல்ல வேண்டிய விஷயம். கண்தான் கலங்கியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "நீங்க கேக்குதீங்கன்னு தெரிஞ்சிருந்தா முழுசா வாசிச்சிருப்பேனே."

"சொன்னா நிறுத்திருவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார் முத்துமாரியம்மாள்.

அந்தம்மா சொன்னது சரிதான். சொல்லியிருந்தால் அன்றைக்கே நந்தகோபால் நிறுத்தியிருப்பார்.